ரத்தக் குழாயில் பர்ஃபி

கௌரிசிகர் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர்கள் தவறு செய்வதில்லை. பெருமைக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம், விதியே அதுதான். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில், விடுதி அறையில் ஹீட்டர் வைக்கக் கூடாது என்பதற்குக் கீழே, 'வகுப்பில் ஆசிரியர் சொன்னதே இறுதியானது' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பெற்றோர் அதற்கு அடியில் கையெழுத்துப் போடுகிறார்கள். தாப்புவின் அப்பா மூலாராம் சௌத்ரியும் போட்டார். ஹீட்டர் வரி வரைக்கும் படித்துவிட்டு, கண்டிப்பான இடம்தான் என்று திருப்திப்பட்டுப் போட்டார்.

தாப்பு நாகௌர் பக்கத்துச் சீரகக் காட்டுக்காரர் வீட்டில் நான்காவது பெண். தாப்பு என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் போதும் என்று அர்த்தம். பெண்பிள்ளை போதும் என்று சாமிக்குத் தெரிவிக்க வைத்த பெயர். சாமி காதில் விழவில்லை போலிருக்கிறது, ஐந்தாவதும் பெண்தான் பிறந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வை அவள் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தாள். இது மூன்றாவது. நான்காவது கிடையாது என்று மூலாராம் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவரோ அவளைச் சேர்க்கக் கூட்டிவரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஆகவே இந்த வருஷம் டாக்டர் படிப்பு, இல்லையென்றால் சீரகக் காடு.

கௌரிசிகர் இருக்கும் கோட்டா நகரத்தில் சம்பல் பாலத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் எந்தப் பலகையைப் பார்த்தாலும் பி.எல்.டி. சாரின் முகம். முழுப்பெயர் பன்சிலால் தாதீச். அதைச் சொல்கிறவர்கள் அவரைப் பெற்றவர்கள் மட்டும்தான். வகுப்புக்கு வரும்போது முன்னால் இரண்டு தடியர்கள், பின்னால் இரண்டு தடியர்கள் பாதுகாப்புக்கு வருவார்கள். திசுக்களைப் பற்றிப் பாடம் நடத்துகிற மனுஷனுக்கு யாரால் ஆபத்து என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மேடை ஏறியதும் முதல் வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து காலைத் தொடுவார்கள். அதற்கே கால் மணி போய்விடும். அந்தக் கால் மணியையும் பாடத்திட்டத்தில் 'ஊக்கம்' என்று போட்டிருந்தார்கள்.

உடம்பின் உள்ளும் புறமும் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசு அவருடைய புகழ்பெற்ற பாடம். அதற்குச் சாப்பாட்டுத் தட்டோடு வருவார். தட்டை செல்லுக்குச் சப்பாத்தி, கனசதுர செல்லுக்குப் பர்ஃபி, தூண் செல்லுக்கு வெண்டைக்காய். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்பார். முந்நூறு பிள்ளைகளும் கத்த வேண்டும். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நடுவில் கைபேசி வந்தது. "ஆமா, வீட்டுத் தரைக்குக் கிரானைட்டே போட்டுருங்க" என்று பேசி முடித்துவிட்டு, கையில் பர்ஃபி இருந்ததை மறந்து அவர் முழங்கினார்:

"ரத்தக் குழாயோட உள்சுவர்ல என்ன?"

கையைப் பார்த்த முந்நூறு பேரும், "பர்ஃபி!" என்றார்கள்.

"சத்தமா!"

"பர்ஃபி!"

சார் அதை வாயில் போட்டுக்கொண்டு சிறுநீரகத்துக்குப் போய்விட்டார்.

தாப்புவின் பேனா மட்டும் நின்றது. ரத்தக் குழாயின் உட்சுவர் தட்டை செல்களால் ஆனது. மெல்லிய ஒற்றை அடுக்கு. அது மெல்லிசாக இருப்பதால்தான் உள்ளே இருப்பது வெளியே போகிறது, வெளியே இருப்பது உள்ளே வருகிறது. பதினோராம் வகுப்பு அரசாங்கப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது.

"நிகத், சப்பாத்திதானேடி?" என்று பக்கத்தில் இருந்த அறைத்தோழியைக் கிள்ளினாள்.

கடிஹாரிலிருந்து வந்த நிகத் பர்வீன் தலையை நிமிர்த்தாமலே, "சப்பாத்திதான். வாய மூடிட்டு எழுது. பின்னாடி தடியன் நிக்கிறான்" என்றாள்.

கௌரிசிகரில் வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூடாது. அதற்கென்று தரைத்தளத்தில், செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், சந்தேகக் கவுண்டர் இருக்கிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றால் கம்பிக்குப் பின்னால் ஓஜா சார் உட்கார்ந்திருப்பார். இளைத்த மனுஷன். தாப்பு புத்தகத்தை விரித்துக் கம்பிக்குள் நீட்டினாள்.

"என்ன வகை சந்தேகம்?" என்றார் ஓஜா.

"வகைன்னா சார்?"

"மூணு வகை இருக்கு. புரியல, மறந்துட்டேன், கவனிக்கல. எதுல போடட்டும்?"

"புரிஞ்சுது சார். ஞாபகமும் இருக்கு. நல்லாவே கவனிச்சேன். சார்தான் தப்பா சொல்லிட்டார்."

ஓஜா சார் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்படி ஒரு வகையே இங்க கிடையாதும்மா."

"புத்தகத்துல பாருங்க சார், தட்டைன்னு போட்டிருக்கு."

"இது அரசாங்கப் புத்தகம். அரசாங்கம் சொல்லிக்குடுக்கறது சரியா இருந்தா நீ எதுக்கும்மா நாகௌர்லருந்து கிளம்பி இங்க வந்த?"

தாப்புவுக்கு அந்தக் கேள்வியில் ஏதோ கோணல் இருப்பது தெரிந்தது. எங்கே என்று பிடிபடுவதற்குள் பின்னால் நின்றவன், "அக்கா, சீக்கிரம்" என்று இடித்தான். ஓஜா சார் குனிந்து கம்பியோரம் வாயை வைத்தார்.

"எனக்கும் தெரியும். சப்பாத்திதான். ஆனா எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா. 'கவனிக்கல'ன்னு போட்டுக்கறேன். போயிரு."

"போடாதீங்க சார். நான் கவனிச்சேன்."

"சரி, ஒண்ணும் போடல. நீ வரவே இல்ல, போ."

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. தாப்பு 'தட்டை' என்று வட்டத்தைக் கறுத்தாள். திங்கட்கிழமை ஒட்டிய சரிவிடைப் பட்டியலில் 'கனசதுரம்' என்று இருந்தது. போன மதிப்பெண்ணும் தவறுக்குப் பிடித்த மதிப்பெண்ணும் சேர்ந்து அவளைச் சிகரம் பிரிவிலிருந்து அடிவாரம் பிரிவுக்குத் தள்ளின. அவளைப் போலவே எழுதிய நிகத்தும் கூடவே விழுந்தாள்.

சிகரத்துக்கும் அடிவாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கௌரிசிகரில் சிரிப்பார்கள். சிகரத்துப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் மஞ்சள் பட்டை, அடிவாரத்துக்குச் சாம்பல் பட்டை. லிஃப்டில் மஞ்சள் பட்டைதான் ஏறலாம். விடுதிச் சாப்பாட்டறையில் சமையல்காரர் மகராஜ் நெய்க் கரண்டியோடு நிற்பார். மஞ்சளைப் பார்த்தால் ரொட்டியில் தடவுவார். சாம்பலைப் பார்த்தால் கரண்டியை மட்டும் காட்டிவிட்டுப் பாத்திரத்தில் போட்டுக்கொள்வார். பார்த்தாவது ஆசை வரட்டும், ஆசை வந்தால் பிள்ளை தானே மேலே வரும் என்று நிர்வாகம் சொல்லியிருந்ததாம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சிகரத்தில் பாடம் நடத்தினார்கள். அடிவாரத்தில், பாடம் நடத்தினால் எப்படியெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நடத்தினார்கள். தாப்புவால் பொறுக்க முடியாதது அதுதான்.

அதற்குள் பர்ஃபி தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. ரத்த ஓட்டம் நடத்துகிற பட்நாகர் சாருக்குத்தான் முதல் சங்கடம். சுவர் அவ்வளவு தடிமன் என்றால் ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும் என்று ஒரு பையன் வாய்தவறிக் கேட்டுவிட்டான். பட்நாகர் சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு திரும்பினார்.

"கடின உழைப்பால. சுவர் தடியா இருக்குன்னு ஆக்சிஜன் வீட்டுக்குத் திரும்பிப் போச்சா? முட்டி மோதி உள்ள போகுது. அதுக்கிருக்கிற விடாமுயற்சி உங்களுக்கு இருக்கா?"

வகுப்பே கைதட்டியது. மறுநாள் அந்த வாக்கியத்தை மாடிப்படிச் சுவரில் எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் 'எபிதீலியத்தில் புதுப் பார்வை' என்று பி.எல்.டி. சாருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். ரத்தக் குழாயின் குறுக்குவெட்டு வடிவத்தில் ஆள் உயரத்துக்குப் பர்ஃபி அடுக்கி, நடுவில் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். சார் பொன்னாடையோடு பேசினார்: "எல்லாரும் சொல்றதையே நானும் சொன்னா என் முகம் எதுக்குப் பலகையில?" தான் தவறிச் சொன்னது உண்மையாகவே அவருக்கு அப்போது ஞாபகம் இருந்ததா, மறந்தேவிட்டாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தாப்பு இயக்குநர் நாஹட்டாவைப் பார்க்கப் போனாள். அவர் அன்பான மனிதர். அழுகிற பிள்ளைகளுக்காக மேஜையில் நல்ல உசத்தியான காகிதக் கைக்குட்டை வைத்திருப்பார்.

"உக்காரும்மா. பொய்யடுக்கு எபிதீலியம் படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன் சார். பாத்தா பல அடுக்கு மாதிரி தெரியும், நிஜத்துல ஒரே அடுக்குதான். எல்லா செல்லும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கிட்டு இருக்கும். ஆனா எல்லாம் மேற்பரப்பு வரைக்கும் எட்டாது."

"சபாஷ்! அதுதாம்மா நம்ம நிறுவனம். எல்லாரும் அடியில ஒட்டியிருக்கீங்க. அதுல எனக்குப் பாரபட்சமே கிடையாது. சிகரமும் கட்டணம் கட்டுது, அடிவாரமும் கட்டுது. மேல எட்டுறது நாலு பேர்னா அந்த நாலு பேரைப் பலகையில போடுவோம். மத்தவங்க தாங்கணும். நீங்க எல்லாரும் மேல வந்துட்டா, இந்த ஏழு மாடிக் கட்டடம் எதுமேல நிக்கும் சொல்லு?"

"ரத்தக் குழாய் சார்..." என்றாள் தாப்பு.

"விடும்மா ரத்தக் குழாயை. தப்புன்னு ஒத்துக்கிட்டா அவர் கோச்சுக்கிட்டு எதிர்க் கட்டடத்துப் போட்டி நிலையத்துக்குப் போயிடுவார். அவர் பின்னாடி பாதிப் பிள்ளைங்க போயிடும். ஒரு செல்லு தட்டையா சதுரமாங்கிறதுக்காக ஒரு நிறுவனத்தை அழிக்கச் சொல்றியா? உனக்கு மனசாட்சி இல்ல?"

இவ்வளவு பெரிய அழிவைத் தான் கையில் வைத்திருப்பது தாப்புவுக்கு அதுவரை தெரியாது. பயந்துபோனாள்.

"ஒண்ணு பண்ணு" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம வீட்டுத் தேர்வுல பர்ஃபி போடு. சிகரத்துக்கு வந்துடு. வெளியில பெரிய தேர்வுல சப்பாத்தி போடு. நாளைக்கு டாக்டராகி ஆயிரம் மருந்து பேரு ஞாபகம் வைக்கப் போறவ, ரெண்டு விடையைத் தனித்தனியா வச்சுக்கத் தெரியாதா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தாப்பு நிகத்திடம் சொன்னாள். கட்டிலில் குப்புறப் படுத்து அரசாங்கப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்த நிகத் எழுந்து உட்கார்ந்தாள்.

"அடிப் பைத்தியமே! வாராவாரம் ஒண்ணு எழுதி எழுதி கையில ஏறிப்போச்சுன்னா, அன்னைக்கு மட்டும் எப்படிடி மாறும்?"

"அடிவாரத்துல இருந்தா மட்டும் என்னடி கிடைக்கும்? அங்க பாடமே நடக்கல."

"நடக்காட்டி என்ன, புத்தகம் இருக்குல்ல?"

"ரெண்டு வருஷம் புத்தகத்தோட தனியா உக்காந்து பாத்துட்டேன் நிகத். இனிமே எனக்குத் தைரியம் இல்ல."

நிகத் மறுபடியும் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

தாப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனசதுரத்தைக் கறுத்தாள். மஞ்சள் பட்டை வந்தது, லிஃப்ட் வந்தது, ரொட்டியில் நெய் வந்தது. நிகத் தட்டை என்றே எழுதிக்கொண்டு அடிவாரத்திலேயே இருந்தாள். நிர்வாகமும் கெட்டிக்காரத்தனமாக அந்தக் கேள்வியைத் தேர்விலிருந்து எடுக்கவே இல்லை. வாராவாரம் வந்துகொண்டே இருந்தது. பாடத்தைச் சோதிக்கிறார்களா விசுவாசத்தைச் சோதிக்கிறார்களா என்பது அவர்களுக்கே தெளிவில்லை. வகுப்பு தொடங்குமுன் காலை வணக்கத்துக்குப் பதிலாக, "ரத்தக் குழாய்?" என்று ஒலிபெருக்கி கேட்கும். மொத்தக் கட்டடமும் "பர்ஃபி!" என்று பதில் சொல்லும். முதலில் தாப்பு வாயை மட்டும் அசைத்தாள். குளிர் முடிவதற்குள் குரலும் வந்துவிட்டது. ஒரு நாள் வீட்டுக்குப் பேசும்போது அம்மா, "என்னடி புள்ள, தூக்கத்துல ஏதாவது உளறுறியா? நிகத் பொண்ணு சொல்லிச் சிரிக்குது" என்றாள். என்ன உளறினாள் என்று நிகத் கடைசிவரை சொல்லவில்லை.

மே மாதம் பெரிய தேர்வு. அனல் காற்றில் வரிசையில் நிற்க வைத்து, முழுக்கைச் சட்டையைக் கத்தரித்து, தலைக் கிளிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். தாப்பு நன்றாகத் தயாராகியிருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த அறையில் இருந்தவர்களில் அவளைவிட நன்றாகத் தயாரானவர்கள் குறைவு. தாவரவியலை ஊதித் தள்ளினாள். விலங்கியலுக்கு வந்தாள். ரத்தக் குழாய், உட்சுவர் என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டன. கேள்வி முடிவதற்குள் கை போய்க் கறுத்துவிட்டு வந்து அடுத்த கேள்வியில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் கேள்வியைப் படித்தாள்.

பந்துமுனைப் பேனாவின் கறுப்பு மை. எச்சில் தொட்டுத் தேய்த்தால் தாள் கிழியும், தாள் செல்லாது. தட்டை என்று அவளுக்குத் தெரியும். பதினோராம் வகுப்பிலிருந்தே தெரியும். இயக்குநரிடம் வாதாடிய அளவுக்குத் தெரியும். கனசதுரத்தின் வட்டம் முழுசாகக் கறுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் அம்மாள், "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அன்று இரவுக்குள் கௌரிசிகர் பெரிய தேர்வின் விடைகளை வெளியிட்டுவிட்டது. ரத்தக் குழாய்க்கு எதிரே 'தட்டை' என்று இருந்தது. அருகில் நட்சத்திரக் குறி, 'நமது வகுப்பிலிருந்து அப்படியே வந்த வினா'. நிலையத்தின் கைபேசிச் செயலியில் பி.எல்.டி. சாரின் பழைய பாடம் இருந்த இடத்தில் வேறொன்று ஓடியது. அதே மேடை, அதே தட்டு, கையில் சப்பாத்தி. சட்டை மட்டும் வேறு நிறம். மாடிப்படிச் சுவரில் ஆக்சிஜனின் விடாமுயற்சிக்கு மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

முடிவு வந்தபோது நிகத்துக்கு இடம் கிடைத்தது. தாப்புவுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வி சரியாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும். இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவை அவள் பார்க்கவில்லை.

மகளை இரும்புப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போக மூலாராம் ஊரிலிருந்து வந்தார். சிவப்புத் தலைப்பாகை, கையில் வாத்தியார்களுக்கென்று வீட்டு நெய் ஒரு தூக்கு. அவர் வந்த நாள் வெற்றி விழா. வந்தது வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம் என்றார். தாப்பு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "அந்த நிகத் பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். அதுவும் சரிதான்.

பந்தலுக்குப் பின்னால் நிகத் நின்றிருந்தாள். சிகரத்து மஞ்சள் பட்டையை அவள் கழுத்தில் புதிதாக மாட்டியிருந்தார்கள். தோளுக்குப் பொருந்தாத கோட்டு. தாப்புவைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

"தாப்பு, என் தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் இலவசமா இடம் தர்றேங்கிறாங்க. மேடையில நாலு வரி சொல்லணுமாம். எழுதிக் குடுத்திருக்காங்க." கையிலிருந்த தாளைக் காட்டினாள். "நீ வேணாம்னு சொன்னா சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

தாப்பு அந்தக் கோட்டின் தோளை இழுத்துச் சரிசெய்தாள். "சொல்லுடி. உன் தங்கச்சியாவது வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, எதற்கு வரட்டும் என்று யோசித்தாள்.

மேடையில் நிகத் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "நான் சிகரம் பிரிவு மாணவி. ரத்தக் குழாய் உள்சுவர் தட்டை செல்லுதான்னு பி.எல்.டி. சார் அன்னைக்கே சப்பாத்தியக் காட்டிச் சொன்னார். கவனமாக் கேட்டேன். அதனாலதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்." பந்தல் அதிர்ந்தது. முதல் வரிசையில் பி.எல்.டி. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாஹட்டா அவருக்கு நல்ல உசத்தியான காகிதம் ஒன்றை நீட்டினார். தாப்புவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பர்ஃபி பர்ஃபி என்று அவளோடு சேர்ந்து கத்தியவர்களே அத்தனை பேரும். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை.

மூலாராம் தட்டவில்லை. மகளை நோக்கித் திரும்பினார்.

"அதுதானே நீ தப்பா எழுதிட்டேன்னு அழுத கேள்வி?"

"ஆமாப்பா."

"வாத்தியார் அன்னைக்கே சொல்லியிருக்காரே தாப்பு."

அவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது? கைபேசி அழைப்பிலிருந்தா, கிரானைட்டிலிருந்தா? மேடைத் திரையில் ஓடுகிற படத்தில் சார் சப்பாத்தியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நிகத் தன் வாயால் சொல்லிவிட்டாள். ஓஜா சார் பந்தல் ஓரத்தில் நின்று சாமியானாக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிருக்கார்ப்பா" என்றாள்.

மூலாராம் நெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்வரிசைக்குப் போனார். தாப்பு பின்னாலேயே போனாள். நாஹட்டாவுக்கும் பி.எல்.டி. சாருக்கும் முன்னால் அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"மன்னிச்சுக்கணும் குருஜி. நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க. எங்க வீட்டுப் பொண்ணுதான் கவனிக்கல."

பி.எல்.டி. சார் அவளை அன்போடு பார்த்தார். யாரென்று தெரியவில்லை. "பரவால்ல, பரவால்ல" என்று அவள் தலையில் கைவைத்து மன்னித்தார். தடியர்களில் ஒருவன் நெய்த் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டான். தாப்பு குனிந்து அவர் காலைத் தொட்டாள்.